எம்எல்ஏவா இருந்த தாத்தாவ பத்தி புத்தகம் போட்டு நான் பட்ட பாடு

எங்க அம்மாவோட அப்பா ரெண்டு தடவ எம்எல்ஏவா இருந்தவர். திமுக. 1957லயும் 1962லயும் நின்னு தோத்தாரு, 1967லயும் 1971லயும் ஜெயிச்சாரு. பழைய தென்னாற்காடு ஜில்லா. பேரும் தொகுதியும் எழுதாதடான்னு பெரிய மாமா சொல்லிட்டாரு, ஏன்னு போகப்போக உங்களுக்கே புரியும். 1994 ஜனவரில தாத்தா இறந்தாரு. 25வது வருஷ நினைவுநாளுக்கு அவர் வாழ்க்கைய ஒரு புத்தகமா போடணும்னு 2017ல வீட்ல பேச்சு வந்துச்சு, நான்தான் நான் எழுதறேன்னு முன்னாடி போய் நின்னேன். கூட்டுறவு சொசைட்டில கிளார்க் வேலை, சனி ஞாயிறு கைல இருக்கு, எழுதறதுல கொஞ்சம் ஆசையும் உண்டு, போதாதான்னு நெனச்சேன். அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு, ரெண்டு லட்சத்துக்கு மேல காசு போச்சு, வக்கீல் நோட்டீஸ் ஒண்ணு வந்துச்சு, அச்சடிச்ச 500 காப்பில 400க்கு மேல பழைய பேப்பர் கடைக்கு போச்சு. இந்த மாதிரி வேலைல இறங்குற பேரன் பேத்திங்க நெறைய பேர் இருப்பீங்க, எம்எல்ஏன்னு இல்ல, சேர்மனா இருந்தவர், கவுன்சிலரா இருந்தவர்னு வீட்டுக்கு வீடு ஒருத்தர் இருக்கத்தான் செய்றாங்க. எனக்கு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். அதுக்காகத்தான் இத எழுதறேன்.

முதல் தப்பு ஆள் வெச்சு எழுத நெனச்சது. ஒருத்தர் நாப்பது புத்தகம் எழுதினவர்னு சொன்னாங்க, 25,000 ரூபா அட்வான்ஸ் குடுத்தேன். ரெண்டு மாசம் கழிச்சு தொண்ணூறு பக்கம் அனுப்பினாரு. எடுத்து படிச்சா மாமலை, மாணிக்கம், கொள்கைக் குன்றுன்னு பக்கம் பக்கமா ஓடுது, எந்த வருஷம் என்ன பண்ணாருன்னு ஒரு வரி இல்ல. யார் பேர வேணாலும் அதுல போட்டு அச்சடிச்சுக்கலாம். பணத்த திருப்பி கேக்கவும் வாய் வரல. அன்னைக்கு ராத்திரி அம்மா அதுல ரெண்டு பக்கம் படிச்சுட்டு, இதுல எங்கப்பா எங்கடா இருக்காருன்னு கேட்டாங்க. அப்பவே நின்னு நிதானமா யோசிச்சிருக்கணும். யோசிக்கல, சரி நானே எழுதறேன்னு உக்காந்தேன். வெளியாள் கிட்ட குடுக்கறதா இருந்தா முழுசா குடுக்காம ஒரே ஒரு வருஷத்த, உதாரணத்துக்கு தாத்தா மொத மொத ஜெயிச்ச வருஷத்த மட்டும் எழுதி காட்டுங்கன்னு கேளுங்க, அதுக்கு உண்டான காச மட்டும் குடுங்க. ஆள் தகவல் தேடுறாரா வார்த்தை தேடுறாரான்னு அதுலயே தெரிஞ்சுடும்.

நான் எழுதின விதம் என்னன்னா, வீட்டாளுங்க சொன்னத கேட்டு எழுதினேன். மாமாங்க, சித்தி, ஆயா, தாத்தா கூட சுத்தின நாலஞ்சு பேர். அதோட கல்லறை கல்லுல என்ன இருக்கோ அது. கல்லுல "சட்டமன்ற உறுப்பினர் 1967 - 1977"ன்னு செதுக்கியிருக்கு. அதனால பத்து வருஷம் எம்எல்ஏன்னு அட்டைலயே போட்டேன். அது தப்பு. 1967 பிப்ரவரில எலக்சன், மார்ச் 6ம் தேதி அண்ணா முதலமைச்சர் ஆனாரு, அது வரைக்கும் சரி. அந்த சபை அஞ்சு வருஷம் முழுசா ஓடல, 1971 ஜனவரிலயே கலைச்சுட்டு மார்ச்ல பார்லிமெண்ட் எலக்சனோட சேத்து நடத்தினாங்க. அப்புறம் 1976 ஜனவரி 31ம் தேதி எமர்ஜென்சில ஆட்சிய கலைச்சாங்க, சபையும் போச்சு. தாத்தா சீட்ல இருந்தது மொத்தமா எட்டே முக்கா வருஷத்துக்குள்ளதான் வரும். 1977 வரைக்கும்னு கல்லுல ஏன் வந்துச்சுன்னா அடுத்த எலக்சன் அந்த வருஷம் நடந்துச்சு, அது வரைக்கும் எம்எல்ஏன்னுதான் ஊர்ல கூப்பிட்டிருக்காங்க. அந்த ஒரு வருஷம் அவர் இருந்தது ஜெயில்ல, விசாரணை இல்லாம உள்ள போடற மிசா சட்டத்துல கைதியா. எந்த பதவியும் இல்லாம உள்ள இருந்த வருஷத்த நான் பதவிக்காலமா எண்ணி போட்டிருக்கேன். அவர் வாழ்க்கைல அதிகமா பேச வேண்டிய வருஷமே அதுதான், என் மொத புத்தகத்துல அதுக்கு ரெண்டே பாரா.

ஒரு எம்எல்ஏவோட பதவிக்காலத்த கணக்கு போடறப்ப அஞ்சு அஞ்சா கூட்டாதீங்க. நம்ம மாநிலத்துல 1971, 1976, 1980, 1984, 1988, 1991னு ஆறு தடவ சபை காலத்துக்கு முன்னாடியே போயிருக்கு. 1988 ஜனவரில கலைச்சதுக்கு அப்புறம் ஒரு வருஷம் சபையே கிடையாது. உங்க ஆள் எந்த சபைல இருந்தாரோ அது கூடின தேதி, கலைஞ்ச தேதி ரெண்டையும் மொதல்ல எழுதி வெச்சுக்கோங்க, மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம். இன்னொண்ணு மேலவை. 1986 நவம்பர் 1ம் தேதியோட மேலவைய எடுத்துட்டாங்க, அதுக்கு முன்னாடி எம்எல்சின்னு, அதாவது லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில் மெம்பர்னு தனியா ஒரு பதவி இருந்துச்சு. எங்க சித்தி தாத்தா எம்எல்சியாவும் இருந்தாருன்னு அடிச்சு சொன்னாங்க, நானும் போட்டுட்டேன். அவர் இருந்தது பஞ்சாயத்து யூனியன் கவுன்சில்ல. கவுன்சில்ங்கற ஒரே வார்த்தைதான் குழப்பத்துக்கு காரணம்.

இதெல்லாம் கேட்டு கேட்டு எழுதினதால வந்த தப்பு. ஆனா எல்லாத்த விட என் மனச அதிகமா போட்டு உறுத்துன தப்பு ரெகார்டு பாத்து எழுதினதாலதான் வந்துச்சு. தேர்தல் ஆணையம் 1951ல இருந்து ஒவ்வொரு எலக்சனுக்கும் புள்ளிவிவர அறிக்கை வெச்சிருக்காங்க, பிடிஎஃப்பா கிடைக்கும், காசு கிடையாது. தொகுதி வாரியா யார் நின்னாங்க எவ்வளவு ஓட்டுன்னு எல்லாம் இருக்கும். 1957 மெட்ராஸ் மாநில அறிக்கைய எறக்கி பாத்தேன். தாத்தா பேருக்கு நேரா கட்சின்னு இருக்கற எடத்துல ஐஎன்டின்னு போட்டிருக்கு. சுயேச்சை. எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு. வீட்ல யாரும் சொல்லாத ஒண்ண கண்டுபிடிச்சுட்டேன்னு நெனச்சு, "தாத்தா முதலில் எந்தக் கட்சியும் சாராமல் சுயேச்சையாகவே அரசியலில் இறங்கினார், பிறகே கழகத்தில் சேர்ந்தார்"னு ஒரு அத்தியாயத்தையே அதுல ஆரம்பிச்சு எழுதினேன்.

உண்மை என்னன்னா, 1957லதான் திமுக மொத மொத எலக்சன்ல நிக்குது, அப்ப கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது. 1958லதான் ஆணையம் மாநிலக் கட்சின்னு ஏத்துக்குது. அதனால 1957ல நின்ன அத்தன திமுக ஆளுங்களும், அண்ணா கலைஞர் உட்பட, அந்த அறிக்கைல சுயேச்சைன்னுதான் இருப்பாங்க. 1962 அறிக்கைய எடுத்தா கட்சி பேர் வந்துடும். 1949ல கட்சி ஆரம்பிச்சப்பவே சேந்த மனுசன கட்சி இல்லாதவர்னு அவர் பேரனே எழுதினா எப்படி இருக்கும்.

இதே மாதிரி ஆயா விஷயம். ஆயாவுக்கு 1957ல இருபத்தி மூணு வயசு. நான் போன்ல ரெகார்ட் பண்ணி வெச்சிருக்கேன், ஆயா சொன்னது இது: "உங்க தாத்தா பொட்டி ஓரமா இருந்துச்சுடா. உள்ள இருட்டா இருந்துச்சு. ஒவ்வொருத்தருக்கு ஒரு பொட்டி, படம் ஒட்டியிருந்தாங்க. எனக்கு ரெண்டு சீட்டு குடுத்தாங்க. ரெண்டையும் அவரு பொட்டியிலயே போட்டுட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னா அடி பாவின்னு தலைல கைய வெச்சுக்கினாரு." எனக்கு இது ஒண்ணும் புரியல. ஓட்டு ஒரு ஆளுக்கு ஒண்ணுதான, ரெண்டு சீட்டு எப்படி குடுப்பாங்க, ஆளுக்கொரு பொட்டி எங்க இருந்துச்சு, வயசாயிடுச்சு எதையோ எதோடயோ சேத்து சொல்றாங்கன்னு நெனச்சு அந்த பகுதிய அப்படியே எடுத்துட்டேன். ஆயா கிட்ட திருப்பி ஒரு வார்த்தை கேக்கல.

ஆயா சொன்னது ஒரு எழுத்து பாக்கி இல்லாம சரி. 1952லயும் 1957லயும் வேட்பாளருக்கு ஒரு பொட்டிதான், பொட்டி மேல சின்னம் ஒட்டியிருக்கும், சீட்டுல முத்திரை எதுவும் குத்த வேணாம், புடிச்ச ஆளோட பொட்டில போட்டுட்டு வரணும். சீட்டுல முத்திரை குத்தற முறை நம்ம ஊர்ல பொதுத்தேர்தலுக்கு வந்தது 1962லதான். ரெண்டு சீட்டுக்கு காரணம் இரட்டை உறுப்பினர் தொகுதி. அப்ப சில தொகுதிக்கு ரெண்டு எம்எல்ஏ, ஒண்ணு பொது, ஒண்ணு தாழ்த்தப்பட்டவங்களுக்கு ஒதுக்கினது, அதனால ஓட்டு போடறவங்களுக்கு ரெண்டு ஓட்டு. 1957ல மெட்ராஸ் மாநிலத்துல 167 தொகுதி, ஆனா 205 எம்எல்ஏ, ஏன்னா 38 தொகுதிக்கு ரெண்டு ரெண்டு பேர். 1961ல சட்டம் போட்டு அந்த முறைய எடுத்துட்டாங்க. ரெண்டு ஓட்டையும் ஒரே ஆளுக்கு போட முடியாது, ஒண்ணு வீணாயிடும். தாத்தா தலைல கைய வெச்சுக்கிட்டது அதுக்குத்தான். அறுபது வருஷம் ஆயா மனசுல அப்படியே இருந்த ஒண்ண பேத்தல்னு நெனச்சு நான் அடிச்சேன். அதுவும் இல்லாம இரட்டைத் தொகுதின்னு தெரியாம தாத்தா வாங்கின ஓட்டுக்கு சதவீதம் போட்டு ஒரு அட்டவணை வேற போட்டிருந்தேன், அங்க மொத்த ஓட்டே வாக்காளர் எண்ணிக்கைய தாண்டி நிக்குது, அதையும் கவனிக்கல. ஓட்டு கணக்கு இடிச்சா அச்சுப்பிழைன்னு தாண்டி போகாதீங்க, கீழ ஏதோ ஒரு காரணம் இருக்கும்.

சரி புத்தகம் வந்துச்சு. டைப்பிங் லேஅவுட் 14,000, 500 காப்பி அச்சு 71,000. 2019 ஜனவரில கல்யாண மண்டபத்துல வெளியீடு, மேடை மைக் பேனர் சாப்பாடுன்னு 43,000. முன்னூறு பேர் வந்தாங்க. மொத காப்பிய ஆயா கைல குடுத்தோம், அம்மா அழுதாங்க, எனக்கும் நெஞ்சு நெறஞ்சிருந்துச்சு. தாத்தா கூட கட்சில இருந்த ஒரு பெரியவர், எண்பத்தி நாலு வயசு, வாழ்த்தி பேச கூப்பிட்டிருந்தோம். அவர் முன்வரிசைல உக்காந்து பக்கத்த புரட்டிக்கிட்டே இருந்தாரு, நான் மேடைல இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன், ஒரு எடத்துல கண்ணாடிய கழட்டி வேட்டில தொடச்சு திருப்பி மாட்டி அதே பக்கத்த மறுபடி படிச்சாரு. மைக் முன்னாடி வந்து ரொம்ப நேரம் பேசல. "தம்பி, உங்க தாத்தா சுயேச்சைன்னு போட்டிருக்கப்பா. நானும் அவரும் அந்த வருஷம் ஒரே சைக்கிள்ல போயி ஊர் ஊரா கட்சிக்கு ஓட்டு கேட்டோம். எங்க தொண்டத்தண்ணி வத்திப்போச்சு. கட்சி இல்லாதவன்னு எழுதிட்டியே." இவ்வளவுதான் சொன்னாரு, கைல இருந்த காப்பிய மேடை மேல வெச்சுட்டு எறங்கிட்டாரு. அவர் கோவமா திட்டியிருந்தா கூட பரவால்ல. அந்த சத்தமில்லாத நடை இன்னும் என் கண்ணுல இருக்கு.

அன்னைக்கே இன்னொண்ணும் நடந்துச்சு. 1972 அக்டோபர்ல எம்ஜிஆர நீக்கி அவர் தனிக்கட்சி ஆரம்பிச்சப்ப, தாத்தாவோட நெருங்கின சிநேகிதர் ஒருத்தர் காசு வாங்கிட்டு ராத்திரியோட ராத்திரியா அந்த பக்கம் போயிட்டாரு, தாத்தா ஒடஞ்சு போயிட்டாருன்னு எங்க வீட்ல சின்ன வயசுல இருந்தே கேட்ட கதை. பேரோட போட்டுட்டேன். அவர் மகன் விழாவுக்கு வந்திருந்தாரு, எங்க பத்திரிகைய மதிச்சு வந்த மனுசன். பத்து நாள் கழிச்சு வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. எனக்கு அப்பதான் தெரியும், செத்துப் போனவங்கள பத்தி எழுதினாலும் அவதூறு வழக்கு வரும். அவர் உயிரோட இருந்திருந்தா பேர கெடுக்கற மாதிரியும், குடும்பத்துக்கு மனவேதனை தரணும்ங்கற நோக்கத்தோடயும் எழுதியிருந்தா போதும், அப்ப இபிகோ 499, 500, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இப்ப அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 356. செத்தவர் கேக்க வர மாட்டாருங்கற தைரியத்துல யார் பேரையும் எழுதாதீங்க. காசு வாங்கினாரு, துரோகம் பண்ணாருன்னு எழுதணும்னா கைல காகிதம் இருக்கணும், நாலு பேர் சொன்னாங்கங்கறது காகிதம் ஆகாது, அதுவும் நாலு பேரும் ஒரே வீட்டு ஆளுங்கன்னா அது ஒரு ஆள் சொன்னதுக்கு சமம்.

எங்க வக்கீலுக்கு 8,000 குடுத்தேன். அவரே சொன்னாரு, கோர்ட்டுக்கு போகாத, நேரா வீட்டுக்கு போய் பேசுன்னு. போனேன். அந்த மகன் உள்ள கூட்டிட்டு போயி ஒரு டிரங்க் பொட்டிய தெறந்து ஒரு நோட்டீஸ் எடுத்து குடுத்தாரு. பழுப்பேறின ரோஸ் கலர் பேப்பர், மடிப்புல நாலா கிழிஞ்சு பின்னாடி சோத்துப்பசை வெச்சு ஒட்டியிருக்கு. 1974ல நடந்த திமுக பொதுக்கூட்டம், பேசறவங்க வரிசைல தாத்தா பேருக்கு அடுத்து அவங்கப்பா பேரு. 1972ல ஓடிப்போனவர்னா 1974ல எப்படிங்க ஒரே மேடைல பேசுவாருன்னு கேட்டாரு. என்னால தலை நிமிர முடியல. அவர் கட்சி மாறினது உண்மை, ஆனா அது 1977ல, அதுவும் சீட்டு விஷயத்துல வந்த மனஸ்தாபம், காசு எல்லாம் இல்ல. எங்க வீட்ல அந்த கோவத்த அஞ்சு வருஷம் முன்னாடி தள்ளி வெச்சு பேசியிருக்காங்க, ஏன்னா 1972ங்கறதுதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கற பிரிவு. எழுத்துல மன்னிப்பு கேட்டேன், மீதி இருந்த 420 காப்பியும் வெளில விட மாட்டோம்னு எழுதி குடுத்தோம். அத பழைய பேப்பர் கடைல எடை போட்டப்ப நான் கூட நிக்கல, தம்பிய அனுப்பினேன்.

ஒரு வருஷம் அந்த பேச்சே எடுக்கல. அப்புறம் கொரோனா வந்துச்சு, அந்த பெரியவர் அதுல போயிட்டாரு. திருத்தி எழுதி அவர் கைல குடுக்கணும்னு மனசுக்குள்ள வெச்சிருந்தேன், முடியல. அந்த சேதி கேட்ட மறுவாரம்தான் திரும்பி உக்காந்தேன். இந்த தடவ செஞ்சத வரிசையா சொல்றேன், உங்களுக்கு உதவும்.

மொதல்ல ஒரு நாப்பது பக்க நோட்டு, பக்கத்துக்கு ஒரு வருஷம், எடது பக்கம் வீட்ல சொன்னது, வலது பக்கம் காகிதத்துல இருக்கறது. ரெண்டும் ஒத்துப்போற எடத்துல மட்டும்தான் நேரா எழுதறது. ஒத்து வரலன்னா ஏன்னு தேடறது, எது தப்புன்னு உடனே முடிவு பண்றதில்ல. தேர்தல் அறிக்கை எறக்குறப்ப தொகுதி பேர மட்டும் வெச்சு தேடாதீங்க. எல்லை எத்தன தடவ மாறியிருக்குன்னு பாருங்க, 1957ல 205 எடம், 1962ல 206, 1967ல இருந்து 234, அதுக்கு அப்புறமும் 1977 எலக்சனுக்கு முன்னாடி ஒரு தடவ, 2011 எலக்சனுக்கு முன்னாடி ஒரு தடவ எல்லைய மாத்தி போட்டாங்க. இன்னைக்கு அதே பேர்ல இருக்கற தொகுதில உங்க தாத்தா ஊரே இல்லாம போகலாம். பேர் இங்கிலீஷ்ல இருக்கறதால ஸ்பெல்லிங் எலக்சனுக்கு எலக்சன் மாறும், இனிஷியல் சில சமயம் இருக்காது, அதே பேர்ல பக்கத்து தொகுதில வேற ஒருத்தர் நிப்பாரு. ரெண்டு வேற வேற எடத்துல உறுதி ஆகாம இவர்தான் அவர்னு முடிவு பண்ணிடாதீங்க.

அப்புறம் சென்னை. மொத்தம் பதினோரு தடவ போயிருக்கேன், பஸ்சு தங்கற எடம் ஜெராக்ஸ்னு 22,000 ஆச்சு, அதுல ரெண்டு தடவ ஒண்ணும் பாக்காம திரும்பினேன், எதுவும் விசாரிக்காம போனதால. எங்க போனாலும் போன் போட்டு என்னைக்கு தெறந்திருக்கும், என்ன லெட்டர் வேணும், போட்டோ எடுக்க விடுவாங்களான்னு கேட்டுட்டு கெளம்புங்க. அடையாள அட்டை, எதுக்காக பாக்கறேன்னு ஒரு பக்க லெட்டர், ரெண்டு போட்டோ எப்பவும் பைல இருக்கட்டும். எழும்பூர்ல கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் இருக்கு, தரமணில ரோஜா முத்தையா நூலகம் இருக்கு. பழைய கட்சி பத்திரிகை, மலர், மாநாட்டு மலர் இதுக்கெல்லாம் தரமணிய மொதல்ல கேளுங்க. அரசாணை, கெஜட் இதுக்கு காப்பகம். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புங்கறது சபைல யார் என்ன பேசினாங்கன்னு வார்த்தைக்கு வார்த்தை அச்சடிச்சது, தடி தடியா பைண்டு பண்ணி இருக்கும். ஒரு எம்எல்ஏவோட வாழ்க்கைய எழுதணும்னா அதுதான் முதுகெலும்பு. மொத புத்தகம் எழுதினப்ப அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு தெரியாது.

நான் அதுல மொதல்ல தேடினது 1967 ஜூலை 18. மெட்ராஸ் மாநிலத்துக்கு தமிழ்நாடுன்னு பேர் வெக்கணும்னு தீர்மானம் நெறவேத்தின நாள். அண்ணா தமிழ்நாடுன்னு சொல்ல, சபையே வாழ்கன்னு மூணு தடவ சொல்லுச்சு. தாத்தா அன்னைக்கு தீர்மானத்து மேல பேசினாருன்னு என் மொத புத்தகத்துல இருக்கு, வீட்ல அப்படித்தான் சொன்னாங்க. வரிக்கு வரி ரெண்டு தடவ படிச்சேன், அவர் பேர் இல்ல. நூலகத்துல அந்த பெஞ்சுல கொஞ்ச நேரம் சும்மாவே உக்காந்திருந்தேன். அப்புறம் ஆயாவுக்கு போன் பண்ணி கேட்டேன். "பேசினாருன்னு நான் எங்கடா சொன்னேன், கத்தினாருன்னுதான சொன்னேன், வீட்டுக்கு வரச்சொல்ல தொண்ட கட்டியிருந்துச்சு" ன்னாங்க. மாமாங்க வாய்ல வந்து அது பேச்சா மாறியிருக்கு. ரெண்டாவது புத்தகத்துல ஆயா சொன்னத அப்படியே போட்டேன். அந்த பேர் சட்டப்படி அமலுக்கு வந்தது 1969 ஜனவரி 14ல, அதனால 1967ல அவர் பதவிப் பிரமாணம் எடுத்தது மெட்ராஸ் சட்டசபைலதான், தமிழ்நாடு சட்டமன்றத்துல இல்ல. சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா அந்த பேர் மாற்றத்துக்கு கத்தி தொண்ட கட்டினவர் வாழ்க்கைல அந்த ஒண்ணரை வருஷ வித்தியாசம் சின்னதில்ல.

ஏழாவது தடவ போனப்பதான் கெடைச்சுது. நட்சத்திரக் குறி போட்ட கேள்வி ஒண்ணு, அதாவது மந்திரி சபைல வாயாலயே பதில் சொல்ல வேண்டிய கேள்வி, தாத்தா பேரோட. எங்க ஊர் ஓடைக்கு பாலம். (அ) மழைக்காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடையைக் கடக்க முடியாமல் இருப்பது அரசுக்குத் தெரியுமா, (ஆ) தெரியுமெனில் பாலம் அமைக்க உத்தேசம் உண்டான்னு கேட்டிருக்காரு. மந்திரி பதில் (அ) ஆம், (ஆ) நிதி வசதியைப் பொறுத்துப் பரிசீலிக்கப்படும். அதோட நிக்கல, துணைக் கேள்வி கேட்டிருக்காரு, போன வருஷமும் இதே பதில்தான் வந்தது, என் சொந்தப் பிள்ளையும் அதே ஓடையில் இறங்கித்தான் போகிறதுன்னு. அந்த பிள்ளை எங்க அம்மா. சொந்த கட்சி ஆட்சில இருக்கறப்ப சொந்த கட்சி மந்திரிய பாத்து கேட்டிருக்காரு. மேடைல மாலையோட நிக்கற போட்டோதான் எங்க வீடு பூரா மாட்டியிருக்கு, இந்த ஒரு பக்கம் மாதிரி எதுவும் அவர எனக்கு காட்டல. ஜெராக்ஸ் எடுத்து பஸ்சுல சட்டைக்குள்ள வெச்சு கொண்டு வந்தேன். அம்மா படிச்சுட்டு, செருப்ப கைல புடிச்சிக்கினு பாவாடைய தூக்கி கட்டிக்கினு போவேன்டான்னு மட்டும் சொன்னாங்க.

பெரியவங்க கிட்ட பேசறப்ப ஒண்ணு கத்துக்கிட்டேன். எந்த வருஷம்னு கேக்காதீங்க, யாருக்கும் வருஷம் ஞாபகம் இருக்காது, கேட்டா உங்களுக்காக ஒண்ண சொல்லிடுவாங்க. எதுக்கு முன்னாடி எதுக்கு பின்னாடின்னு கேளுங்க. தனுஷ்கோடி புயலுக்கு முன்னாடியா, இந்தி போராட்டத்துல துப்பாக்கி சூடு நடந்தப்பவா, அண்ணா இறந்ததுக்கு அப்புறமா. 1964 டிசம்பர், 1965 ஜனவரி பிப்ரவரி, 1969 பிப்ரவரி 3ன்னு உங்களுக்கு தேதி தானா கெடைச்சுடும். ஒருத்தர் ஒருத்தரா தனியா பேசுங்க, கூட்டமா உக்கார வெச்சா யாருக்கு சத்தம் அதிகமோ அவர் கதைதான் நிக்கும். ரெகார்ட் பண்ணத முழுசா வெச்சிருங்க, புரியலன்னு எதையும் அழிக்காதீங்க.

வீட்ல இருக்கற காகிதத்த கடைசியா தேடினேன், மொதல்ல தேடியிருக்கணும். பரண்ல ஒரு அரிசி சாக்குல மிசா ஜெயில்ல இருந்து தாத்தா எழுதின பதினேழு கார்டு இருந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் ஜெயில்ல படிச்சு பாத்த முத்திரை. அரசியல் ஒரு வரி இல்ல. மாடு கன்னு போட்டுச்சா, சொசைட்டி கடன் எவ்வளவு பாக்கி, சின்னவன் பள்ளிக்கூடம் போறானான்னுதான் எழுதியிருக்காரு. ஒரு கார்டுல மட்டும் கடைசியா, "பாலம் வேலை ஆரம்பித்தார்களா என்று எழுது". வீட்ல பழைய போட்டோ இருந்தா முன்பக்கம் மட்டும் ஸ்கேன் பண்ணாதீங்க, பின்பக்கம் ஸ்டூடியோ சீல், பென்சில்ல எழுதின பேர் எல்லாம் இருக்கும். பூச்சி அரிச்சத லேமினேஷன் பண்ணிடாதீங்க, நான் ரெண்டு கார்ட அப்படி கெடுத்துட்டேன், சூட்டுல மை பரவிடுச்சு.

2022 செப்டம்பர்ல ரெண்டாவது புத்தகம். எடுத்த எடுப்புல 150 காப்பிதான், 34,000. அதுக்கும் முன்னாடி ஸ்பைரல் போட்டு பதினஞ்சு பிரதி எடுத்து சொந்தக்காரங்க இல்லாதவங்க கிட்ட படிக்க குடுத்தேன், அதுல நாலு பேர் தாத்தாவ எதுத்து வேலை பாத்த காங்கிரஸ் குடும்பத்து ஆளுங்க. இருபத்தி ரெண்டு தப்பு சொன்னாங்க, எல்லாமே சரியான தப்பு. 1962ல எத்தன ஓட்டுல தோத்தாருன்னு எங்க வீட்டு கணக்க விட அவங்க வீட்டு கணக்குதான் அறிக்கையோட ஒத்துப்போச்சு. அந்த சிநேகிதர் மகனுக்கு 1972 முதல் 1977 வரைக்கும் உள்ள அத்தியாயத்த தனியா குடுத்தேன், ஒரு வாரம் வெச்சிருந்துட்டு அந்த ரோஸ் நோட்டீஸ புத்தகத்துல போட்டுக்கன்னு அவரே கொண்டு வந்து குடுத்தாரு. தொகுதி பேர இங்க எழுத வேணாம்னு மாமா சொன்னது அவர் குடும்பத்த நெனச்சுத்தான். ஆக மொத்தம் 2,17,000 ஆச்சு, அதுல மொத புத்தகத்துக்கு போன ஒண்ணரை லட்சத்துக்கு மேல எனக்கு திரும்பி வராது.

விழா எதுவும் வெக்கல. மொத காப்பிய எடுத்துக்கிட்டு ஆயா வீட்டுக்கு போனேன். எண்பத்தி எட்டு வயசு, கண்ணு சரியா தெரியாது, அட்டைய தடவி பாத்தாங்க. படிச்சு காட்டுடான்னாங்க. மொத பக்கத்துல இருந்து ஆரம்பிச்சேன், இருட்டு ரூம்பு, ஓரமா இருந்த பொட்டி, கைல ரெண்டு சீட்டு. பாதில நிறுத்தி என் கைய புடிச்சாங்க. "ரெண்டும் அதுலயே போட்டேன்னு எழுதியிருக்கியா?" எழுதியிருக்கேன் ஆயான்னேன். "தலைல கைய வெச்சுக்கினாரே, அது?" அதுவும் இருக்குன்னேன். சரி மேல படின்னாங்க.